பள்ளிக்குச் சிறுவர் எழுத்தாளரை அழைத்து வருதல்: டர்பனுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்குச் சிறுவர் எழுத்தாளர் ஒருவர் வந்து கதை வாசிக்க வேண்டும், குழந்தைகளையும் நாலு வரி எழுத வைக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தபோது, நான் முதலில் செய்தது எழுத்தாளரைத் தொலைபேசியில் அழைத்து நாள் குறித்ததுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் வசிக்கும் அந்த அம்மையார் அப்போதே இசைந்துவிட்டார். மறுநாள் பள்ளி முதல்வரைச் சந்தித்தேன். அவர் பொறுமையாக மூன்று செய்திகளைச் சொன்னார்: நான் குறித்திருந்தது வெள்ளிக்கிழமை, பள்ளி ஆளுகைக் குழு போன வாரம்தான் கூடிக் கலைந்திருந்தது, அந்த எழுத்தாளரின் புத்தகம் எதையும் பள்ளியில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. வருகை ஐந்து மாதம் தள்ளிப்போயிற்று. அந்த அம்மையாரிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை நிமித்தம் டர்பனுக்கு வந்து பிள்ளைகளை இங்குள்ள பொதுப் பள்ளிகளில் சேர்த்திருப்பவர்களுக்காகவும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் புதிதாகக் கற்பிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நம் ஊரில் தலைமையாசிரியர் ஒருவர் தலையசைத்தால் அடுத்த வாரமே கூட்டம் நடந்துவிடும். இங்கே அப்படி நடக்காது. முதல் கடிதத்திலிருந்து வருகை நாள் வரை நான்கு மாதங்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் பள்ளியிடம் செல்லுங்கள்

தென்னாப்பிரிக்கப் பொதுப் பள்ளிகளில் அன்றாடக் கற்பித்தல் முதல்வரின் பொறுப்பு. பள்ளியின் பணம், கட்டடத்தின் பயன்பாடு, பெற்றோரிடம் வசூல் செய்தல் போன்றவை பள்ளி ஆளுகைக் குழுவின் பொறுப்பு. எல்லோரும் அதை எஸ்.ஜி.பி. என்றே அழைக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி இக்குழு ஒரு பருவத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். பல பள்ளிகளில் அந்த ஒரு முறைதான் கூடுகிறது. கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஆகவே அலுவலகச் செயலரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அடுத்த எஸ்.ஜி.பி. கூட்டம் எப்போது, அதற்கான கடிதங்களை எந்த நாளுக்குள் தர வேண்டும் என்பதாக இருக்கட்டும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். யார் வருகிறார், எந்த வகுப்புகளுக்கு வருகிறார், எத்தனை நிமிடம், எந்த மொழியில், செலவு எவ்வளவு, அதை யார் ஏற்கிறார், புத்தக விற்பனை உண்டா, புகைப்படம் எடுக்கப்படுமா ஆகிய எட்டுக்கும் அதில் விடை இருந்தால் குழு மறு கேள்வி கேட்காது. அந்த எழுத்தாளரின் புத்தகம் ஒன்றையும் உடன் இணைத்துக் கொடுங்கள். எங்கள் குழுவின் தலைவர் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்து வைத்துவிட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துப் படங்களைப் புரட்டத் தொடங்கிய பிறகே உரையாடல் சூடுபிடித்தது.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் உள்ள பள்ளிகளைத் தமிழர் பள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ஜூலு பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் ஏராளம். தெலுங்கு, இந்தி, உருது, குஜராத்தி வழிக் குடும்பங்களும் உண்டு. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. முழுக்கத் தமிழில் நிகழ்ச்சி என்று கடிதத்தில் எழுதினால், அதைத் தமிழ் வகுப்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்று குழு சொல்லிவிடும். அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. முதன்மையாக ஆங்கிலம், இடையிடையே தமிழ், முடிந்தால் இரண்டொரு ஜூலுச் சொற்கள் என்று அமைத்துக்கொண்டால் எல்லாக் குழந்தைகளும் உள்ளே வருவார்கள். தமிழ் வகுப்புக்கென்று தனியாக ஓர் அமர்வைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

ஆண்டு நான்கு பருவங்களாக ஓடுகிறது. ஜனவரி நடுவில் பள்ளி திறந்ததும் மூன்று வாரம் வரை ஒருவரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள். ஜூனும் நவம்பரும் தேர்வு மாதங்கள். அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். எஞ்சியவற்றுள் மிகவும் ஏற்ற காலங்கள் மூன்று: பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, ஜூலை இறுதியும் ஆகஸ்டும், செப்டம்பரின் முதல் இரண்டு வாரங்கள். செப்டம்பரில் தேசியப் புத்தக வாரம் வருவதால் பள்ளிகள் தாமாகவே ஏதாவது நிகழ்ச்சியைத் தேடிக்கொண்டிருக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் உலக உரக்க வாசிப்பு நாளை, வாசிப்பை வளர்க்கும் நலிபாலி இயக்கம் நாடு முழுவதும் நடத்துகிறது. நலிபாலி என்பதற்குக் கோசா மொழியில் 'இதோ கதை' என்று பொருள். அந்த நாளையொட்டி அனுமதி கேட்டால் எளிதில் கிடைக்கிறது.

நாள்காட்டியில் நம்மவர் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடி, புனித வெள்ளியையொட்டி இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் நடக்கும் திருவிழா, ஆடி மாதக் கூழ் வழிபாடு ஆகிய நாட்களில் தமிழ்க் குழந்தைகள் பலர் பள்ளிக்கு வருவதில்லை. புரட்டாசி முழுவதும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் புலால் உண்பதில்லை. சென்னையைவிட இங்கே இந்த விரதம் கறாராகக் கடைப்பிடிக்கப்படுவதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். இரண்டாவது ஆண்டு செப்டம்பர் கடைசியில் நடந்த வருகைக்கு நான் ஆட்டிறைச்சி பிரியாணி சொல்லி வைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் பாதிப் பேர் வெறும் தயிர்ப் பச்சடியோடு எழுந்துபோனார்கள். அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமையை அடியோடு விட்டுவிடுங்கள். ஜும்ஆத் தொழுகை இருப்பதால் டர்பனில் பல பள்ளிகள் அன்று முன்கூட்டியே முடிந்துவிடுகின்றன. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் நீண்டுவிடும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். காலை முதல் இடைவேளைக்கு முன் ஓர் அமர்வு, பின் ஓர் அமர்வு என்று இரண்டு போதும். மூன்றாவது அமர்வில் எழுத்தாளரின் குரல் கம்மிவிடும்; நான்காவது வைத்தால் அது அவரிடம் நாம் செய்யும் அநியாயம்.

3. எழுத்தாளரைத் தேர்ந்தெடுங்கள்

புகழை மட்டும் பார்த்து அழைக்காதீர்கள். நல்ல எழுத்தாளர்களுள் பலருக்கு எட்டு வயதுக் குழந்தைகள் அறுபது பேர் முன்னால் நிற்க வராது. அது அவர்களுடைய குறையும் அன்று. முன்பு பள்ளிகளில் பேசியிருக்கிறாரா, எந்த வயதினரோடு பேசியிருக்கிறார், வாசிப்பாரா அல்லது எழுதும் பயிற்சியும் தருவாரா என்று கேட்டறியுங்கள். முடிந்தால் அவர் பேசும் காணொளி ஒன்றைப் பாருங்கள்.

டர்பன் 2017 முதல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரங்களுள் ஒன்று. குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் 1998 முதல் 'டைம் ஆஃப் தி ரைட்டர்' என்ற எழுத்தாளர் விழாவை நடத்தி வருகிறது. அது வழக்கமாக மார்ச் மாதத்தில் நடைபெறும்; பள்ளிகளுக்குச் செல்வதும் அதன் நிகழ்ச்சிகளுள் உண்டு. விழாவுக்காக ஊருக்கு வந்திருக்கும் எழுத்தாளர் ஒருவர் அரை நாள் உங்கள் பள்ளிக்கு வந்தால் விமானச் செலவே இல்லை. ஆனால் விழாக் குழுவுக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே எழுத வேண்டும்.

எழுத்தாளர் சம்மதித்த பின்பு, தொலைபேசியில் பேசியவற்றை எல்லாம் மின்னஞ்சலாக எழுதி அனுப்பி, 'இது சரி' என்று அவரிடமிருந்து ஒரு வரிப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். நட்பாகப் பழகுபவரிடம் இப்படிக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். முதல் முறை நான் கூசியதன் விளைவாக, அவர் கிரேடு 1 குழந்தைகளுக்கான படக்கதைகளோடு வந்து நின்றார்; நாங்கள் கிரேடு 6 மாணவர்களை உட்கார வைத்திருந்தோம்.

4. தாள்களைச் சேருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள். எஸ்.ஜி.பி. ஒப்புதல் கிடைத்த அன்றே இதைத் தொடங்குங்கள்.

குழந்தைகளோடு பணியாற்றுபவர்களைப் பற்றி இரண்டு பதிவேடுகள் இந்நாட்டில் உள்ளன. ஒன்று, 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின்கீழ் சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருக்கும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு. குழந்தைகளோடு பணியாற்றத் தகுதியற்றவர்களின் பட்டியலான அதன் இரண்டாம் பகுதியில் தம் பெயர் இல்லை என்பதை ஒருவர் தாமே உறுதி செய்துகொள்ள 'ஃபார்ம் 30' நிரப்ப வேண்டும். மற்றொன்று நீதித் துறை வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு. அதற்குத் தனி விண்ணப்பம். இவற்றோடு சில பள்ளிகள் காவல் துறைச் சான்றிதழையும் கேட்கின்றன. அதற்குக் காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணம் அவ்வப்போது மாறுவதால், போவதற்கு முன் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாள் வந்துபோகும் விருந்தினருக்கு இத்தனையும் வேண்டுமா என்பதில் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் வேறுபடுகிறது. எங்கள் பள்ளியில் முதல் ஆண்டு, ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடன் இருப்பார், எழுத்தாளர் குழந்தைகளோடு தனித்து விடப்பட மாட்டார் என்று எழுதிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு முதல்வர் ஃபார்ம் 30இன் விடையையும் கேட்டார். எனவே முதல்வரிடம் நேராகக் கேட்டு, அவர் சொல்வதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். விடை வர வாரக்கணக்கில் ஆகும். நான் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். பள்ளிகளுக்கு அடிக்கடி செல்லும் எழுத்தாளர்கள் பலர் இவற்றைக் கையிலேயே வைத்திருப்பார்கள்; முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுப் பார்ப்பது வீண் வேலையைக் குறைக்கும்.

அடையாள அட்டையின் சான்றளிக்கப்பட்ட நகல் எல்லா விண்ணப்பத்துக்கும் வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் மூலத்தைக் காட்டி நகலில் முத்திரை பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை என்பதால், பழைய நகலை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்காதீர்கள்.

அடுத்தது பெற்றோர் ஒப்புதல். பொப்பியா என்று எல்லோரும் அழைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு நடைமுறையில் உள்ளது. குழந்தையின் படத்தைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிட முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி பொதுவாக வாங்கும் ஒப்புதல், எழுத்தாளர் தம் முகநூல் பக்கத்தில் படம் போடுவதை உள்ளடக்காது. ஆகையால் இந்த நிகழ்ச்சிக்கென்றே அரைப் பக்கத் தாள் ஒன்று அனுப்புங்கள்: பள்ளிச் செய்திமடலில் படம் வரலாமா, எழுத்தாளரின் பக்கத்தில் வரலாமா, குழந்தை எழுதிய கதையைப் பெயரோடு வெளியிடலாமா என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் வைத்தால் போதும். தாள் திரும்பி வராத குழந்தைகளை ஓரமாக உட்கார வைக்காமல், பின்னாலிருந்து முதுகுகள் மட்டும் தெரியும்படி படம் எடுத்துவிடுவது நாங்கள் கண்டுபிடித்த வழி. அந்தப் படங்களே அழகாகவும் வந்தன.

கடைசியாகப் பணத் தாள்கள். பள்ளி நிதியிலிருந்து சன்மானம் கொடுப்பதாக இருந்தால், எழுத்தாளரிடமிருந்து விலைப்பட்டியலும் அவருடைய வங்கிக் கணக்கை உறுதி செய்யும் கடிதமும் பொருளாளருக்கு வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பின் இவற்றைத் தேடினால் பணம் அடுத்த பருவத்துக்குப் போய்விடும்.

5. இந்தியாவிலிருந்து ஒருவரை அழைப்பதாக இருந்தால்

சென்னையில் உள்ள எழுத்தாளர் உறவினரைப் பார்க்க டர்பனுக்கு வருகிறார், வந்த இடத்தில் பள்ளியிலும் பேசட்டுமே என்று நினைப்பது இயல்பு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரண வருகையாளர் விசாவில் வேலை செய்ய இயலாது, குறுகிய காலப் பணிக்குக் குடிவரவுச் சட்டத்தின் 11(2) பிரிவின்கீழ் தனி அனுமதி வேண்டும் என்பதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். சன்மானம் பெற்றுப் பேசுவதாக இருந்தால் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சன்மானம் இல்லாவிட்டாலும், விண்ணப்ப மையத்திடமோ தூதரகத்திடமோ எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். அழைப்புக் கடிதம் பள்ளியின் முகப்புத் தாளில், நாள், நோக்கம், தங்குமிடம், செலவை ஏற்பவர் ஆகிய விவரங்களோடு இருக்க வேண்டும். விமானச் சீட்டை உறுதி செய்வதற்கு முன் விசா கையில் இருப்பது நல்லது. நேரடி விமானம் இல்லாமல் துபாய் போன்ற ஊர்களில் மாறி வர வேண்டியிருப்பதால், வந்து இறங்கிய மறுநாளே நிகழ்ச்சி வைக்காதீர்கள்.

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவதிலும் சிக்கல் உண்டு. பயணிகளுக்கு உள்ள 5,000 ராண்ட் வரையிலான சுங்கச் சலுகை, சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள்களுக்குத்தான். விற்பதற்குக் கொண்டுவரும் புத்தகங்களைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்; 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. விலையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால் காணொளி அழைப்பு இருக்கிறது. இந்திய நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது: இங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் பிற்பகல் 12.30. மின்வெட்டு முன்போல் இல்லை என்றாலும், உள்ளூர்க் கோளாறால் மின்சாரம் போவது குறைந்தபாடில்லை. முழுதாக மின்னேற்றிய மடிக்கணினி, கைப்பேசி இணையம், மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

6. செலவைக் கணக்கிடுங்கள்

எழுத்தாளர் இலவசமாக வருவார் என்று நம்மவர்கள் எதிர்பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. திருமணத்துக்கு நாதசுவரம் வாசிப்பவரிடம் யாரும் இலவசம் கேட்பதில்லை. எங்கள் இரண்டாவது வருகைக்கு ஆன செலவு இது: சன்மானம் 3,000 ராண்ட், பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து போய்வர 150 கிலோமீட்டருக்கு 714 ராண்ட், வகுப்பறைகளுக்கென்று வாங்கிய 30 புத்தகங்கள், ஒன்று 140 வீதம் 4,200, உணவு 600, நகலெடுப்பு 250. மொத்தம் 8,764 ராண்ட். மரியன்ஹில் சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. பயணச் செலவுக்கு நான் சொந்தமாக ஒரு தொகையை நிர்ணயிக்கவில்லை. வருமான வரித் துறை ஆண்டுதோறும் அறிவிக்கும் கிலோமீட்டர் விகிதத்தை எடுத்துக்கொண்டேன். 2025 மார்ச்சில் தொடங்கிய வரி ஆண்டில் அது 4 ராண்ட் 76 சென்டாக இருந்தது. இப்படி வெளியில் உள்ள ஓர் அளவைக் காட்டினால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

பணம் திரட்ட இங்கே பழகிப்போன வழி பிரியாணி டிக்கெட். பெற்றோர் சிலர் சேர்ந்து அண்டாவில் சமைத்து, முன்கூட்டியே டிக்கெட் விற்று, சனிக்கிழமை காலை பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். பள்ளியின் பெயரால் திரட்டும் பணம் பள்ளி நிதிக் கணக்கில்தான் சேர வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு வாரம் கூட வைத்திருக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு வைத்திருந்தவர்களும் இதனால் பேச்சுக் கேட்டிருக்கிறார்கள்.

புத்தக விற்பனைக்கு முன்பதிவுத் தாள் அனுப்புவதே சிறந்தது. வருகைக்குப் பத்து நாள் முன்பு அனுப்பி, மூன்று நாள் முன்பு முடித்துவிடுங்கள். அன்று காலை கையில் பணத்தோடு வரும் குழந்தைகளும், ஒன்றும் இல்லாமல் வரும் குழந்தைகளும் ஒரே வரிசையில் நிற்பது பார்க்கச் சகிக்காத காட்சி. கையெழுத்து வாங்க எல்லாக் குழந்தைகளுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்காக, எழுத்தாளரின் படம் ஒன்றை அச்சிட்ட புத்தகக் குறிப்பட்டைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம். நகலெடுப்புக்கு ஆன 250 ராண்டில் பெரும்பகுதி அதற்குத்தான் போயிற்று.

7. குழந்தைகள் முன்னதாகவே படித்திருக்க வேண்டும்

முந்தைய படிகளில் எதையாவது கோட்டைவிட்டால் நிகழ்ச்சி தள்ளிப்போகும். இதைக் கோட்டைவிட்டால் நிகழ்ச்சி நடந்தும் பயனில்லை. அனைத்துலக வாசிப்பு ஆய்வான பர்ல்ஸ் 2021இல், தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 மாணவர்களில் 81 விழுக்காட்டினர் பொருள் புரிந்து வாசிக்கும் அடிப்படை நிலையை எட்டவில்லை. அப்படிப்பட்ட வகுப்பில், படித்திராத புத்தகத்தை எழுதியவர் வந்து நின்றால், அன்று வகுப்பு இல்லை என்பதற்கு மேல் குழந்தைக்கு எந்த மகிழ்ச்சியும் இராது. எங்கள் முதல் வருகையில் கேள்வி நேரம் வந்தபோது எழுந்த முதல் மூன்று கேள்விகள்: உங்கள் வயது என்ன, நீங்கள் பணக்காரரா, எங்கள் முதல்வரை உங்களுக்குத் தெரியுமா.

ஆகவே புத்தகங்களை மூன்று வாரம் முன்னதாக வகுப்பறைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். வகுப்பாசிரியர் நாளுக்குப் பத்து நிமிடம் உரக்க வாசித்தால் போதும். பாதி வரை வாசித்து நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைகளை எழுத வையுங்கள். அந்தத் தாள்களை எழுத்தாளருக்கு முன்பே அனுப்பிவையுங்கள். இரண்டாவது வருகையில் எழுத்தாளர் உள்ளே வந்ததும், 'நாயைக் கிணற்றிலிருந்து ஏணி வைத்துத் தூக்கியவர் யார்?' என்று கேட்டார். பின்வரிசையிலிருந்த ஒரு பையன் மெல்லக் கையை உயர்த்தினான். 'நான் நாயைக் கிணற்றிலேயே விட்டுவிட்டேன்; உன் முடிவு என்னுடையதைவிட நன்று' என்றார் அவர். அதன்பின் அந்தப் பையனைப் பிடிக்க முடியவில்லை.

கேள்விகளையும் முன்னதாகவே எழுதி வாங்கி, ஒரே மாதிரியானவற்றை நீக்கி, பதினைந்தாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். கேள்வியை எழுதிய குழந்தையே எழுந்து கேட்க வேண்டும்.

8. வருகை நாளன்று

எழுத்தாளரை வாசலில் எதிர்கொண்டு அழைத்து, வருகையாளர் பதிவேட்டில் கையெழுத்திட வையுங்கள். குடிநீரும் நாற்காலியும் இருக்கட்டும். ஒலிவாங்கியை முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். மொத்தப் பள்ளியையும் கூடத்தில் உட்கார வைக்கும் யோசனை ஒவ்வொரு முறையும் வரும், மறுத்துவிடுங்கள். ஓர் அமர்வுக்கு இரண்டு வகுப்புகள், எண்பது குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். கிரேடு 3 வரை முப்பத்தைந்து நிமிடம், அதற்கு மேல் ஐம்பது நிமிடம். ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினால் குழந்தைகளின் கவனமும் அதனோடு போய்விடும் என்பதை முதல்வர் மூலமாகச் சொல்லி வையுங்கள். நீங்கள் நேரில் சொல்லாதீர்கள்.

மொழி கலந்து பேசுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் விருந்தினர் 'ஒரு ஊர்ல ஒரு தாத்தா இருந்தாராம்' என்று சொல்லி நிறுத்தினார். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வீட்டில் ஆயாவிடம் (பாட்டியிடம்) பழகியபடி 'உம்' கொட்டினார்கள், மற்றவர்கள் விழித்தார்கள். உடனே அவர் 'க்வேசுகாசுகேலா' என்றார். ஜூலுக் கதைகள் அப்படித்தான் தொடங்கும். கேட்பவர்கள் நாவைப் பல்லில் தட்டி எழுப்பும் ஓர் ஒலியோடு பதில் சொல்ல வேண்டும். அரைக் கூடம் ஒன்றாகப் பதில் சொன்னது. அதற்குப் பிறகு கதை முடியும் வரை ஒரு பக்கம் 'உம்', மறுபக்கம் அந்தத் தட்டொலி.

தமிழ் அமர்வுக்கு வரும் எழுத்தாளர் தமிழ்நாட்டவராக இருந்தால், மெதுவாகப் பேசும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள பிள்ளைகள் எழுத்தைக் கூட்டி வாசிப்பார்கள், பாட்டை மனப்பாடமாகப் பாடுவார்கள். வேகமான பேச்சு அவர்களுக்கு எட்டாது. எழுதும் பயிற்சிக்குப் பொருள் ஒன்றைக் கையில் கொடுப்பது நல்ல பலன் தருகிறது. வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். ஊறுகாய் ஜாடி, பித்தளை விளக்கு, ஒரு தாத்தாவின் கரும்புத் தோட்டக் கத்தியின் புகைப்படம் எல்லாம் வந்தன. கத்தியையே கொண்டுவர இருந்தவனை அவன் அம்மா தடுத்துவிட்டார்.

கையெழுத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரிசையில் நின்ற ஒரு சிறுவன் தன் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். அவர் 'பிள்ளை' என்று எழுதி, அந்தச் சொல்லுக்குக் குழந்தை என்றும் பொருள் உண்டு என்றார். 'அப்படியானால் என் அப்பாவும் குழந்தையா?' என்று கேட்டுவிட்டு, ளகரத்தைத் தன் உள்ளங்கையில் வரைந்துகொண்டே போனான். அவனுக்குப் பின்னால் நின்ற நாயுடுவும் படையாட்சியும் தங்கள் பெயரையும் கேட்க, அரை மணி முக்கால் மணி ஆயிற்று. இதற்காகவே பெயர்களைத் தாளில் எழுதிக் கையில் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்டுக் கேட்டு எழுதும்போதுதான் நேரம் ஓடுகிறது.

9. முடிந்த பின்

சன்மானம் ஏழு நாளுக்குள் எழுத்தாளரின் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று பொருளாளரிடம் கேளுங்கள். வெளிநாட்டுக் கணக்கென்றால், வங்கி விலைப்பட்டியலையும் பணம் அனுப்பும் காரணத்தையும் கேட்கும் என்பதால் கூடுதலாக ஒரு வாரம் வேண்டும். குழந்தைகள் எழுதியவற்றைத் திருத்தாமல் நூலகச் சுவரில் ஒட்டுங்கள். புத்தகங்களில் பாதியை வகுப்பறைகளிலேயே விட்டுவிடுங்கள். முப்பதும் நூலகப் பூட்டுக்குள் போனால் அடுத்த ஆண்டு தூசி தட்டித்தான் எடுக்க வேண்டும்.

எஸ்.ஜி.பி.க்கு ஒரு பக்க அறிக்கையும் ரசீதுகளும் கொடுத்து, கடிதங்கள், ஒப்புதல் தாளின் மாதிரி, செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து அலுவலகத்தில் ஒப்படையுங்கள். நான்காம் பருவத்தின் குழுக் கூட்டம் எங்கள் பள்ளியில் அக்டோபரில் நடக்கிறது. பிப்ரவரியில் எழுத்தாளர் வர வேண்டுமானால், அதற்கான கடிதம் செப்டம்பர் விடுமுறைக்கு முன்பே செயலரின் மேசையில் இருக்க வேண்டும்.